ஒழுகாத ஐந்தடி மீன் தொட்டி: வீட்டிலேயே கட்ட முழுமையான வழிகாட்டி

மீன் தொட்டி ஒழுகினால் பழி முதலில் கண்ணாடிகளை ஒட்டும் சிலிகோன் பசை மேல்தான் விழும். "மட்டமான சிலிகோன் போட்டுட்டான்" என்று சொல்லிவிட்டு அடுத்த குழலை வாங்கப் போய்விடுவோம். ஆனால் பல நேரம் சிலிகோன் நிரபராதி. முறுக்கிக்கொண்டு நிற்கும் ஸ்டாண்ட், கை பட்ட கண்ணாடியைத் துடைக்காமல் ஒட்டியது, மூன்றாம் நாளே தண்ணீர் ஊற்றியது, கரண்டு போனால் குழாயில் இருக்கும் தண்ணீர் எங்கே போகும் என்று யோசிக்காமல் விட்டது. கூடம் நனைவது இவற்றால்தான். சிலிகோன் பிழியும் துப்பாக்கியைக் கையில் பிடிக்கும் நேரம் மிகக் கொஞ்சம். அதற்கு முன்னும் பின்னும் இருப்பதுதான் தொட்டி கட்டும் வேலை.

இங்கே நான் எடுத்துக்கொள்வது 5 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம் உள்ள தொட்டி. அதாவது 150 × 60 × 60 சென்டிமீட்டர். கோலாலம்பூரில் ஒரு சாதாரண தெரஸ் (வரிசை) வீட்டுக் கூடத்தில் சுவரோரம் அடக்கமாக நிற்கும். ஃபிளவர்ஹார்னுக்கு, கூட்டமாக நீந்தும் பார்ப் மீன்களுக்கு, செடி வளர்ப்பவர்களுக்கு எல்லாம் தாராளம். கெலிசா, அதாவது ஆசிய அரோவானா, வளர்க்கும் ஆசை இருந்தால் மட்டும் இது போதாது. வளர்ந்த அரோவானா திரும்புவதற்கு இடம் வேண்டும், அகலத்தை இரண்டரை அடியாக்கி நீளத்தையும் கூட்டுங்கள். அந்த மீனை வாங்கும்போது மைக்ரோசிப்பும் சான்றிதழும் கேட்டு வாங்க மறக்காதீர்கள். அழியும் நிலையில் உள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் முதல் இணைப்பில் இருக்கும் மீன் அது.

கண்ணாடிக்குப் பதில் அக்ரிலிக் பிளாஸ்டிக் வேண்டாமா என்று சிலர் கேட்பார்கள். கோலாலம்பூரின் அக்வேரியா கேஎல்சிசி மீன் காட்சியகத்தில் இருக்கும் 90 மீட்டர் சுரங்கம் போன்ற வளைந்த வேலைகளுக்கு அதுதான் சரி. வீட்டுக்கு அது விலை அதிகம், பாசி துடைக்கும்போதே கீறல் விழும், ஒட்டும் முறையும் வேறு. கண்ணாடியே போதும்.

முதலில் எடை, அப்புறம் இடம்

இந்தத் தொட்டியில் 55 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நிறுத்தினால் சுமார் 470 லிட்டர், அதாவது 470 கிலோ. 12 மில்லிமீட்டர் கண்ணாடி சதுர மீட்டருக்கு 30 கிலோ கனக்கும். மேல்பட்டைகளையும் (மேல் ஓரத்தில் கண்ணாடி வளையாமல் பிடிக்க ஒட்டும் கண்ணாடிப் பட்டைகள்) சேர்த்தால் கண்ணாடி மட்டும் ஏறக்குறைய 110 கிலோ. மணல், கல், ஸ்டாண்ட், ஃபில்டர் எல்லாம் சேர்த்துக் கூட்டினால் 700 கிலோவை நெருங்கும். இது முழுவதும் ஒரு சதுர மீட்டருக்கும் குறைவான இடத்தில் நிற்கிறது.

தரைத்தளத்து தெரஸ் வீடாக இருந்தால் பெரும்பாலும் பயமில்லை. ஆனால் டைல்ஸைப் பாருங்கள். வைக்கப்போகும் இடத்தில் ஒவ்வொரு டைல்ஸையும் ஒரு நாணயத்தால் தட்டுங்கள். டொக்கு விழுந்த சத்தம் வந்தால் அதன் அடியில் வெற்றிடம் இருக்கிறது என்று அர்த்தம். ஸ்டாண்டின் கால் அதன் மேல் நின்றால் ஒரு நாள் டைல்ஸ் உடையும், அந்தக் கால் மட்டும் சில மில்லிமீட்டர் இறங்கும், தொட்டி முறுக்கிக்கொள்ளும். கிள்ளான் பள்ளத்தாக்கில் பழைய ஈயச் சுரங்க நிலத்தை மூடிக் கட்டிய தாமான்களும் (குடியிருப்புப் பகுதிகளும்) உண்டு. உங்கள் வீட்டுத் தரையில் ஏற்கெனவே விரிசலும் இறக்கமும் தெரிந்தால், அந்த மூலையை விட்டுவிடுங்கள்.

பிளாட்டும் கொண்டோவும் வேறு கதை. மலேசியாவின் 1984-ஆம் ஆண்டுச் சீரான கட்டட விதிமுறைகள் குடியிருப்புத் தளத்துக்கு வைத்திருக்கும் பயன்பாட்டுச் சுமை சதுர மீட்டருக்கு 1.5 கிலோநியூட்டன், ஏறக்குறைய 150 கிலோ. நம் தொட்டி நிற்கும் இடத்தில் அது 750 கிலோவைத் தாண்டுகிறது. உடனே தளம் இடிந்துவிடும் என்று இதற்கு அர்த்தமில்லை. அந்தக் கணக்கு அறை முழுவதும் பரவும் சுமைக்கானது, அறையின் மற்ற பகுதி காலியாகவும் இருக்கலாம். ஆனால் இடத்தை நம் இஷ்டத்துக்குத் தேர்வு செய்ய முடியாது. அறையின் நடுவில் வைக்கவே கூடாது. பீம் ஓடும் சுவரை ஒட்டி, தூணுக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும். எந்தச் சுவருக்கு அடியில் பீம் இருக்கிறது என்பதை நிர்வாக அலுவலகத்தில் வரைபடம் கேட்டுப் பார்க்கலாம். மேல் மாடி என்றால் ஒரு கட்டமைப்புப் பொறியாளருக்குக் கொடுக்கும் கட்டணத்தைத் தொட்டிச் செலவோடு சேர்த்துவிடுங்கள். பலகைத் தளம் போட்ட பழைய கடைவீட்டு மாடியில் இந்த அளவுத் தொட்டி வேண்டவே வேண்டாம்.

கொண்டோவில் இன்னொன்றும் இருக்கிறது. கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் கசிந்தால், வேறு காரணம் நிரூபிக்கப்படும் வரை மேல்வீட்டில்தான் கோளாறு என்று 2015-ஆம் ஆண்டு அடுக்குமாடி நிர்வாக விதிமுறைகள் எடுத்துக்கொள்கின்றன. கீழ்வீட்டுக்காரர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் 470 லிட்டர் அவர் சோபா மேல் இறங்கினால் நட்பு தாங்காது.

ஸ்டாண்ட்

மரத்தில் செய்தால் அழகு. ஆனால் நம் ஊர் ஈரத்திலும் கரையானிலும் சாதாரண மரம் நிலைக்காது. செங்கால் போன்ற கனமரம் தாங்கும், ஆனால் விலை கேட்டால் தலை சுற்றும். சிப்போர்டும் எம்டிஎஃப்பும் நாலு சொட்டுத் தண்ணீர் பட்டாலே ஊதிவிடும், அதைப் பற்றிப் பேச்சே வேண்டாம். என் ஓட்டு இரும்பு ஹாலோவுக்கு, அதாவது உள்ளே வெற்றான சதுர இரும்புக் குழாய்க்கு: 50 × 50 மில்லிமீட்டர், 2 மில்லிமீட்டர் தடிமன். செகாம்புட், கெப்போங் பக்கத்து வெல்டிங் பட்டறை எதிலும் சொன்ன அளவுக்குச் செய்து கொடுப்பார்கள். ஆறு கால் வைக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு காலுக்கு அடியிலும் 10 சென்டிமீட்டர் சதுரத் தகடு, அப்போதுதான் பாரம் டைல்ஸ் மேல் குத்தாமல் பரவும். வெல்டிங் செய்த இடத்தில் துரு எதிர்ப்புப் பூச்சு இரண்டு கோட்.

ஸ்டாண்ட் வந்ததும் மட்டம் பார்க்க வேண்டும். நீளவாக்கில் இரண்டு மில்லிமீட்டர் சாய்வு இருந்தால் தண்ணீர்க் கோடு கோணலாகத் தெரியும், அவ்வளவுதான். ஆனால் முறுக்கு இருந்தால் ஆபத்து. நான்கு மூலையில் மூன்று ஒரே தளத்திலும் ஒன்று மட்டும் தாழ்ந்தும் இருந்தால் தண்ணீரின் எடை கண்ணாடியை அந்தப் பக்கம் திருகும், மூட்டு பிய்யும், அல்லது அடிக்கண்ணாடி வெடிக்கும். இதைக் கண்டுபிடிக்க மட்டப் பலகையைவிட நூல் நல்லது. எதிர் எதிர் மூலைகளுக்கு இரண்டு நூல்களை விறைப்பாகக் கட்டுங்கள். நடுவில் இரண்டும் லேசாக உரசினால் தளம் சரி. ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் இடைவெளி தெரிந்தால், அல்லது ஒன்றை மற்றொன்று அழுத்தினால், காலுக்கு அடியில் தகடு வைத்துச் சரிசெய்யுங்கள். அட்டையை மடித்து வைக்காதீர்கள். ஈரத்தில் அது நசுங்கும்.

அதன் மேல் 18 மில்லிமீட்டர் மரைன் பிளைவுட், அதன் மேல் 10 மில்லிமீட்டர் தெர்மோகோல் பலகை அல்லது யோகா பாய் மாதிரியான பஞ்சு. ஒரு மணல் துகள் அடிக்கண்ணாடிக்குக் கீழே சிக்கினால் 470 கிலோவும் அந்தப் புள்ளியில் தன் பலத்தைக் காட்டும். பஞ்சு அதைத் தன்னுள் வாங்கிக்கொள்ளும்.

கண்ணாடி

தண்ணீரின் அழுத்தம் ஆழத்தைப் பொறுத்தது, நீளத்தை அல்ல. நான்கடித் தொட்டியை ஆறடியாக நீட்டினாலும் அடியில் அழுத்தம் அதேதான். ஆனால் ஆழத்தை இரண்டு மடங்கு ஆக்கினால் முன் கண்ணாடியைத் தள்ளும் மொத்த விசை நான்கு மடங்காகும். நம் தொட்டியில் 55 சென்டிமீட்டர் தண்ணீர் முன் கண்ணாடியை வெளியே தள்ளும் விசை சுமார் 220 கிலோ எடைக்குச் சமம். ராத்திரி பகல் ஓய்வில்லாமல், வருடக்கணக்கில். பெரிய தொட்டி ஆசை உள்ளவர்கள் நீளத்திலும் அகலத்திலும் ஆசையைக் காட்டுங்கள், உயரத்தில் வேண்டாம். 75 சென்டிமீட்டர் உயரம் என்று போனால் கண்ணாடி 15-ஐத் தாண்டி 19 மில்லிமீட்டருக்குப் போக வேண்டி வரும். கையை விட்டு மணலைத் தொடவும் முடியாது.

60 சென்டிமீட்டர் உயரத்துக்கு, மேல்பட்டையோடு, 12 மில்லிமீட்டர் போடுங்கள். கடைகளில் இதே உயரத்துக்கு 10 மில்லிமீட்டர் போட்டு விற்பதைப் பார்க்கலாம். அவை நிற்கவும் செய்கின்றன. ஆனால் கட்டுவது நாம், வெட்டுப் பிழையும் தரைப் பிழையும் நம்முடையவை. அந்தப் பிழைகளைத் தாங்க இரண்டு மில்லிமீட்டர் கூடுதலாக இருக்கட்டும். மேல்பட்டை இல்லாத திறந்த தொட்டிதான் வேண்டும் என்றால் 15 மில்லிமீட்டர்.

சாதாரண ஃபுளோட் கண்ணாடி என்று சொல்லி வாங்குங்கள். டெம்பர் செய்த கண்ணாடி பலமானதுதான், ஆனால் அதில் பிறகு துளை போட முடியாது. விளிம்பில் ஓர் அடி பட்டால் முழுத் தகடும் ஒரே நொடியில் பொடியாகும். ஃபுளோட் கண்ணாடி விரிசல் விட்டாலும், வாளி எடுத்து வர நமக்குக் கொஞ்சம் நேரம் கொடுக்கும்.

வெட்டச் சொல்ல வேண்டிய அளவுகள், மூட்டு இடைவெளி 1.5 மில்லிமீட்டர் என்று வைத்து:

- அடிக்கண்ணாடி: 1500 × 600 மி.மீ., ஒன்று
- முன், பின் கண்ணாடி: 1500 × 600 மி.மீ., இரண்டு
- பக்கக் கண்ணாடி: 573 × 600 மி.மீ., இரண்டு
- நீள மேல்பட்டை: 1470 × 80 மி.மீ., இரண்டு
- குறுக்குப் பட்டை: 570 × 200 மி.மீ., ஒன்று

பக்கக் கண்ணாடி ஏன் 573? 600-இல் முன் பின் கண்ணாடிகளின் தடிமன் 24 போகும், இரண்டு மூட்டுக்கு 3 போகும். இந்தக் கணக்கைக் கடைக்காரரிடம் விட்டுவிடாதீர்கள். முன்னும் பின்னும் ஒரே தகட்டிலிருந்து, ஒரே அமைப்பில் வெட்டச் சொல்லுங்கள். எடுக்கப் போகும்போது அளவு நாடாவோடு போய்க் குறுக்களவு இரண்டையும் பாருங்கள். ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம் பரவாயில்லை, மூன்று என்றால் வாங்காதீர்கள். விளிம்புகளை லேசாக உரசிக் கூர் எடுத்திருக்க வேண்டும். விளிம்பில் நகம் சிக்கும் அளவு சில்லு பெயர்ந்திருந்தால் அந்தத் தகடு வேண்டாம், விரிசல் அங்கிருந்துதான் தொடங்கும்.

சிலிகோன்

குளியலறைக்கு விற்கும் பூஞ்சை எதிர்ப்புச் சிலிகோனில் மருந்து கலந்திருக்கும், மீனுக்கு ஆகாது. கண்ணாடிக்கான, நூறு சதவீதம் சிலிகோன் என்று போட்ட, காடி (வினிகர்) வாடை அடிக்கும் வகையைக் கேளுங்கள். தொட்டி கட்டுபவர்கள் அதிகம் தேடுவது ஜிஇ 1200. கறுப்பும் கிடைக்கும், தெளிவானதும் கிடைக்கும். கறுப்பில் பாசி படிவது தெரியாது. ஆனால் தெளிவானதில்தான் உள்ளே இருக்கும் காற்றுக் குமிழியைப் பார்க்க முடியும். முதல் தொட்டிக்குத் தெளிவானதே நல்லது.

300 மில்லிலிட்டர் குழல் நான்கு வாங்குங்கள். கணக்குப்படி குறைவாகவே போகும், ஆனால் பாதி வேலையில் தீர்ந்தால் கடைக்கு ஓட நேரமிருக்காது. காலாவதித் தேதி பாருங்கள். வெயில் படும் அலமாரியில் நின்ற பழைய குழல் சரியாகக் காயாமல் பிசுபிசுப்பாகவே கிடக்கும். வாங்கியதும் வேண்டாத கண்ணாடித் துண்டு இரண்டை ஒட்டி, ஒரு வாரம் கழித்துப் பிய்த்துப் பாருங்கள். சிலிகோன் கிழிய வேண்டும், கண்ணாடியை விட்டு உரிந்து வரக் கூடாது. அதே சமயம் ஒரு பிளாஸ்டிக் தாள் மேல் 1.5 மில்லிமீட்டர் கனத்துக்குக் கொஞ்சம் தடவிக் காய வையுங்கள், ஏனென்று கீழே வருகிறது.

ஒட்டும் நாள்

ஆள் மூன்று பேர் வேண்டும். ஒரு முன் கண்ணாடி 27 கிலோ, அதை ஒருவர் தூக்கி மில்லிமீட்டர் கணக்கில் இறக்க முடியாது. மச்சான், பக்கத்து வீட்டு அண்ணன், யாரையாவது முன்கூட்டியே சொல்லி வையுங்கள். சாப்பாடு வேலை முடிந்த பிறகு. வயிறு நிறைந்த கை கண்ணாடி தூக்கக் கூடாது என்பது என் சொந்தச் சட்டம், விஞ்ஞானம் இல்லை.

இந்தச் சிலிகோன் காற்றில் இருக்கும் ஈரத்தை எடுத்துக்கொண்டுதான் இறுகும். நம் ஊர்க் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை, அதனால் மேலே தோல் கட்டுவது வேகமாக நடக்கும். பத்து நிமிடம்தான் என்று நினைத்து வேலையைத் திட்டமிடுங்கள். இன்னொரு சிக்கல்: ஏர்கோன் அறையில் வைத்திருந்த கண்ணாடியைக் கூடத்துக்குக் கொண்டு வந்தால் அதன் மேல் கண்ணுக்குத் தெரியாத பனி படியும். ஈரக் கண்ணாடியில் சிலிகோன் பிடிக்காது. ஒட்டப்போகும் அறையிலேயே முதல் நாள் ராத்திரி கண்ணாடியை வைத்துவிடுங்கள். மாலை இடிமழைக்கு முன், காலையிலேயே ஆரம்பிப்பது உத்தமம்.

முதலில் ஒரு ஒத்திகை. சிலிகோன் இல்லாமல் எல்லாத் தகட்டையும் நிறுத்தி, டேப் போட்டு, குறுக்களவு பார்த்து, யார் எங்கே நிற்பது, எந்தத் தகடு எந்தப் பக்கம் என்று பேனாவால் வெளிப்புறம் எழுதிவிடுங்கள். அப்புறம் பிரித்து வையுங்கள்.

துடைப்பதில்தான் ஆயுள் இருக்கிறது. விளிம்பு, விளிம்பை ஒட்டிய மூன்று சென்டிமீட்டர், அடிக்கண்ணாடியின் மேல்புற ஓரம் எல்லாவற்றையும் அசிட்டோன் நனைத்த வெள்ளைத் துணியால் துடையுங்கள், துணி அழுக்காகாமல் வரும் வரை. கண்ணாடி வெட்டும்போது தடவிய எண்ணெய் விளிம்பில் இருக்கும். பிறகு புதுத் துணியில் இன்னொரு முறை. அதற்குப் பின் அந்த இடத்தில் விரல் படக் கூடாது, கையுறை போட்டுக்கொள்ளுங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள், அடுப்பு எரியக் கூடாது, சிகரெட் பிடிக்கும் மாமாவை வாசலுக்கு அனுப்புங்கள். அசிட்டோன் ஆவி எளிதில் தீப்பிடிக்கும்.

மூட்டின் இரு பக்கமும் 8 மில்லிமீட்டர் விட்டு மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். உள்ளே ஒட்டினால் போதும் என்பார்கள், வெளியேயும் ஒட்டினால் பின்னால் பிளேடு பிடித்துச் சுரண்டும் வேலை மிச்சம்.

இப்போது அந்த 1.5 மில்லிமீட்டர் காய்ந்த சிலிகோன். அதிலிருந்து அரிசி அளவுத் துண்டுகள் வெட்டி, நீள மூட்டுக்கு நான்கு வீதம் அடிக்கண்ணாடியின் ஓரத்தில் வையுங்கள். இவை இல்லாவிட்டால் 27 கிலோ கண்ணாடி சிலிகோனை எல்லாம் பிதுக்கி வெளியே தள்ளிவிட்டுக் கண்ணாடி மேல் கண்ணாடியாக உட்கார்ந்துவிடும். மூட்டுக்கு ஒரு கனம் இருந்தால்தான் அது ரப்பர் மாதிரி இழுபட்டுத் தாங்கும். புதுச் சிலிகோன் காய்ந்த சிலிகோனில் சரியாகப் பிடிக்காது. அதனால்தான் துண்டுகள் இவ்வளவு சின்னதாக, இவ்வளவு குறைவாக இருக்க வேண்டும்.

பின் கண்ணாடி முதலில். அதன் மூட்டு இடத்தில் நடுவாக 6 மில்லிமீட்டர் சிலிகோன் இழையை, கை நிற்காமல், ஒரே ஓட்டமாக இழுங்கள். நடுவில் நின்று மீண்டும் தொடங்கும் இடத்தில்தான் காற்று சிக்கும். இரண்டு பேர் கண்ணாடியை நேராக மேலிருந்து இறக்க வேண்டும். வைத்த பின் நகர்த்தக் கூடாது, தூக்கி மீண்டும் வைக்கவே கூடாது. ஒருவர் பிடித்துக்கொள்ள, பக்கக் கண்ணாடிகளின் அடி விளிம்புக்கும் பின் கண்ணாடியைத் தொடும் விளிம்புக்கும் இழை போட்டு அவற்றை நிறுத்துங்கள். கடைசியில் முன் கண்ணாடி. வெளியே குறுக்காக டேப் போட்டு இறுக்குங்கள். நான்கு பக்கமும் ஒரு பட்டையால் சுற்றிக் கட்டினால் இன்னும் நல்லது, ஆனால் சிலிகோன் பிதுங்கி ஓடும் அளவு இறுக்காதீர்கள். மேலே குறுக்களவைப் பார்த்துச் சதுரம் சரியா என்று உறுதி செய்யுங்கள்.

உள் மூலைப் பூச்சு பற்றி இரண்டு கட்சி உண்டு. மூட்டு காய்ந்த பிறகு தனியாகப் பூசுபவர்கள் ஒரு கட்சி. நான் அன்றைக்கே, மூட்டு பச்சையாக இருக்கும்போதே பூசும் கட்சி. பச்சையும் பச்சையும் ஒன்றாகக் கலந்து ஒரே உடம்பாகிவிடும். மறுநாள் பூசினால் அது அக்கம்பக்கத்துக் கண்ணாடியை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்கும். ஒவ்வொரு கண்ணாடியும் உட்கார்ந்த உடனே, பிதுங்கியதோடு இன்னொரு இழை சேர்த்து, கையுறை விரலால் ஒரே இழுப்பில் மூலையை வழித்துவிட வேண்டும். வழித்த உடனே டேப்பை உரியுங்கள். தோல் கட்டிய பிறகு உரித்தால் பூச்சும் கூடவே கிழிந்து வரும். ஒன்று நினைவிருக்கட்டும்: தொட்டியைத் தாங்குவது கண்ணாடிக்கும் கண்ணாடிக்கும் நடுவில் இருக்கும் அந்த 1.5 மில்லிமீட்டர்தான். உள் பூச்சு அதற்குக் காவல். பூச்சைக் கட்டைவிரல் கனத்துக்கு அப்பினால் பலம் கூடாது.

மறுநாள் டார்ச் அடித்து வெளியிலிருந்து மூட்டைப் பாருங்கள். நாலா பக்கமும் சிலிகோன் சூழ்ந்த சின்னக் குமிழி இருந்தால் விடலாம். உள்ளிருந்து வெளியே பாதைபோல் நீண்ட குமிழி, மூட்டின் பாதி அகலத்துக்கு மேல் போனால், அந்தக் கண்ணாடியைப் பிரித்து மீண்டும் ஒட்டுவதுதான் வழி.

மேல்பட்டைகள் இரண்டு நாள் கழித்து. நீளப் பட்டையை முன் பின் கண்ணாடியின் உள்பக்கம், மேல் விளிம்பிலிருந்து 14 மில்லிமீட்டர் கீழே, அடியில் கட்டை முட்டுக் கொடுத்து ஒட்டுங்கள். பட்டையும் கண்ணாடியும் சேரும் இடத்தில் புதுச் சிலிகோன் நேராகக் கண்ணாடியைத் தொட வேண்டும். பழைய பூச்சு வழிந்திருந்தால் பிளேடால் எடுத்துவிட்டுத் துடையுங்கள். நீளப் பட்டை காய்ந்ததும் குறுக்குப் பட்டை நடுவில், அவற்றின் மேல்.

காத்திருப்பு

கடைசி இழை போட்ட நாளிலிருந்து ஏழு நாள், அதற்குக் குறையக் கூடாது. ஈரம் மேலிருந்து உள்ளே மெதுவாகத்தான் போகும், ஒரு நாளுக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர். 12 மில்லிமீட்டர் அகல மூட்டின் நடுப்பகுதி கடைசியாகத்தான் இறுகும். மூக்கை உள்ளே விட்டால் காடி வாடை இன்னும் வந்தால், இன்னும் காயவில்லை. தீபாவளிக்கு விருந்தாளி வருமுன் மீன் விட வேண்டும் என்ற அவசரமெல்லாம் இங்கே செல்லாது. ஒரு மாதம் முன்பே தொடங்குங்கள்.

தண்ணீர்ச் சோதனை

வீட்டுக்குள் வேண்டாம், வாசல் போர்ச்சில் செய்யுங்கள். அதே ஸ்டாண்ட், அதே பிளைவுட், அதே பஞ்சு. போர்ச் தரை தண்ணீர் ஓடச் சாய்வாகத்தான் போட்டிருப்பார்கள், அதனால் நூல் சோதனையை அங்கேயும் செய்ய வேண்டும். பஞ்சின் ஓரம் சுற்றிலும் டிஷ்யூ காகிதம் நெருக்கமாக வைத்து, மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் விட்டு ஒரு நாள், மூன்றில் இரண்டு பங்கு விட்டு ஒரு நாள், முழுதாக விட்டு இரண்டு நாள் என்று கவனியுங்கள். தண்ணீரில் கொஞ்சம் கேசரிப் பவுடர் கலந்தால் கசிவு டிஷ்யூவில் உடனே காட்டிக்கொடுக்கும். முன் கண்ணாடியின் நடுவில் நேரான அலுமினியப் பட்டையை வைத்துப் பாருங்கள். ஒரு மில்லிமீட்டர் வயிறு தள்ளினால் இயல்பு. பட்டையை வைக்காமலே வளைவு கண்ணுக்குத் தெரிந்தால் தண்ணீரை இறக்குங்கள், மேல்பட்டை சரியாகப் பிடிக்கவில்லை.

சோதனைத் தண்ணீரை அப்படியே வாரக்கணக்கில் விடாதீர்கள். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் வரை ஒரு வாரம், பத்து நாள்தான் எடுத்துக்கொள்ளும். கொசு வளரவிட்டால் 1975-ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் அழிப்புச் சட்டப்படி அபராதம் வரும். சுகாதார அதிகாரியிடம் "இது லீக் டெஸ்ட்" என்று விளக்கிக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும்.

மூட்டு நல்லது, ஆனாலும் கூடம் நனைகிறது

சம்ப் (ஃபில்டருக்காகக் கீழே வைக்கும் இரண்டாவது தொட்டி) வைக்கும் தொட்டிகளில் தரை நனைவதற்கு மூட்டைவிடக் குழாய்தான் அதிகம் காரணம். நம் தொட்டியின் நீர்ப்பரப்பு சுமார் 0.85 சதுர மீட்டர். நீர்மட்டம் ஒரு சென்டிமீட்டர் இறங்கினாலே எட்டரை லிட்டர். மோட்டார் தண்ணீரை மேலே கொண்டு வரும் குழாயின் வாய் மட்டத்துக்கு 3 சென்டிமீட்டர் கீழே இருந்தால், கரண்டு போன உடனே அந்தக் குழாய் வழியாகவே 25 லிட்டர் சம்புக்குத் திரும்பி வரும். சம்பில் அந்த இடம் காலியாக இல்லாவிட்டால் தரைக்கு. ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பர் மாதங்களில் மாலை இடி இடித்ததும் வீட்டு மெயின் சுவிட்ச் விழுவது நமக்குப் புதிதல்ல. நீங்கள் ஆபிஸில் இருக்கும்போதுதான் அது நடக்கும்.

இதற்கு வழி எளிது. அந்தக் குழாயில் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே ஒரு சின்னத் துளை போடுங்கள். மட்டம் அதற்குக் கீழே இறங்கியதும் காற்று புகுந்து இழுப்பு நின்றுவிடும். துளையில் பாசி அடைக்கும், மாதம் ஒரு முறை குச்சியால் குத்திவிடுங்கள். தண்ணீரைத் திரும்ப விடாத வால்வை மட்டும் நம்பாதீர்கள், ஒரு நத்தை போதும் அதைத் திறந்து வைக்க. எல்லாம் மாட்டிய பிறகு வேண்டுமென்றே சுவிட்சை அணைத்து, சம்ப் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று பார்த்து, ஓடும்போது இருக்க வேண்டிய மட்டத்துக்குப் பேனாவால் கோடு போட்டுவிடுங்கள்.

தொட்டியில் துளை போட்டுக் குழாயை இணைக்கும் டேங்க் கனெக்டர் மாட்டுவதாக இருந்தால், வைர முனைத் துளைப்பானால், தண்ணீர் ஊற்றிக்கொண்டே, விளிம்பிலிருந்து குறைந்தது துளையின் விட்டம் அளவாவது தள்ளிப் போட வேண்டும். ரப்பர் வாஷர் தண்ணீர்ப் பக்கம். கையால் இறுக்கி, அதற்கு மேல் கால் சுற்று போதும். ஸ்பானர் பிடித்து இறுக்கிக் கண்ணாடியை உடைப்பவர்கள் உண்டு. முதல் தொட்டிக்குத் துளையே வேண்டாம் என்பேன், மேல் ஃபில்டரோ, வெளியே தனியாக நிற்கும் கேனிஸ்டர் ஃபில்டரோ போதும்.

கம்பிகளை நேராக பிளக்குக்கு இழுக்காமல், பிளக்கைவிடத் தாழ்வாக ஒரு வளைவு விட்டு மாட்டுங்கள். கம்பி வழியாக வரும் சொட்டு அந்த வளைவிலேயே தரையில் விழும். தொட்டிக்கான பிளக் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு ஏற்பட்டால் கரண்டை வெட்டும் சுவிட்ச்) வழியாகப் போகிறதா என்று எலக்ட்ரீஷியனைப் பார்க்கச் சொல்லுங்கள். தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் வைத்து 22, 23 டிகிரியில் செடித் தொட்டி ஓட்டுபவர்களுக்கு ஒரு குறிப்பு: நம் ஊர் ஈரத்தில் வெளிக் கண்ணாடி வியர்க்கும், அது ஒழுகல் அல்ல. துடைத்துவிட்டு டிஷ்யூ வைத்துப் பாருங்கள், முழுப் பரப்பும் ஒரே மாதிரி ஈரமானால் வியர்வை, ஒரே இடத்தில் மட்டும் நனைந்தால் கசிவு.

கசிந்தால்

கசிவு தெரியும் இடமும் தண்ணீர் உள்ளே நுழையும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. பூச்சின் ஒரு மூலையில் புகுந்து, மூட்டு வழியாக ஓடி, இரண்டு அடி தள்ளி வெளியே வரும். அதனால் வெளியில் ஈரமான இடத்தில் சிலிகோன் அப்புவது வீண். உள்ளிருந்து தள்ளும் தண்ணீர் அதை உரித்துவிடும். உள்ளே அந்த இடத்தில் மட்டும் ஒட்டுப்போடுவதும் நிற்காது, பழையதும் புதியதும் ஒட்டாது என்பதே காரணம்.

தொட்டியைக் காலி செய்து, நான்கு மூலை, நான்கு அடி ஓரம் எல்லா உள் பூச்சையும் பிளேடால் எடுங்கள். நடுவில் இருக்கும் மூட்டைத் தொடாதீர்கள். எண்ணெய் தேய்த்துச் சிலிகோனை இளக்கும் வித்தையெல்லாம் வேண்டாம், பிறகு எண்ணெயைத் துடைத்து முடியாது. அசிட்டோன், டேப், புது இழை, அதே ஏழு நாள், அதே மூன்று கட்டச் சோதனை. அதற்குப் பிறகும் அதே மூட்டில் டிஷ்யூ நனைந்தால் மூட்டே போய்விட்டது. தடிமனான மீன்பிடி நரம்பை மூட்டுக்குள் விட்டு அறுத்துக் கண்ணாடியைப் பிரித்து, எல்லா விளிம்பையும் சுத்தம் செய்து மறுபடி ஒட்ட வேண்டும். பிரிக்கும்போது எந்த விளிம்பாவது சில்லு பெயர்ந்தால் அந்த ஒரு தகட்டை மட்டும் புதிதாக வெட்டி வாங்கிக்கொள்ளுங்கள்.